ஜி கம்பிக்குக் கீழே ஒரு கறுப்புக் கட்டை

1950களிலும் 60களிலும் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் செய்யப்பட்ட ஃபெண்டர் பேஸ் கிட்டார்களில் ஒரு சிறு கறுப்புக் கட்டை இருக்கும். நான்கு கம்பிகளில் மெல்லியதான ஜி கம்பிக்குக் கீழே, முகப்புத் தகடான பிக்கார்டின் மேல், திருகாணிகளால் பொருத்தியிருப்பார்கள். இன்று பேஸ் வாசிக்கும் பெரும்பாலோர் அந்த இடத்தில் கை வைப்பதே இல்லை. கட்டைவிரலை, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பின் விளிம்பிலோ தடித்த ஈ கம்பியின் மேலோ ஊன்றிக்கொண்டு, சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் மீட்டுகிறார்கள். அப்படியானால் அந்தக் கட்டை யாருக்காக?

நிறுவனர் லியோ ஃபெண்டர் மனத்தில் வைத்திருந்த வாசிப்பாளர் கட்டைவிரலால் கம்பியை மேலிருந்து கீழாக மீட்டுகிறவர். மற்ற விரல்கள் நழுவாமல் பற்றிக்கொள்ள ஒரு பிடிமானம் வேண்டும், அதற்குத்தான் கட்டை. நடந்தது வேறு. மேடைகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இரண்டு விரல் மீட்டல் வேரூன்றியது. பலர் கட்டையைக் கழற்றி ஈ கம்பிக்கு மேலே தாங்களே பொருத்திக்கொண்டார்கள். 1970களின் நடுவில் நிறுவனமும் அதையே செய்தது. ஆகவே 1962இல் செய்த ஒரு கருவியில் கட்டை மேலே இருந்து, கீழே வெறும் திருகாணித் துளைகள் மட்டும் தெரிந்தால், ஒரு தலைமுறை கை மாற்றி வாசிக்கக் கற்றுக்கொண்டதன் பதிவு அந்தத் துளைகளில் இருக்கிறது.

பழைய மின் பேஸ் கிட்டார்களில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தென்பட்டால், வாங்குவோரும் விற்போரும் உடனே கேட்பது ‘அசலா, மாற்றியதா?’ என்பதைத்தான். விலை அந்தப் பதிலைச் சார்ந்திருப்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த உறுப்பு எந்தத் தேவைக்காக அங்கே வந்தது? அதற்கு விடை தெரிந்தவருக்கு அசலா என்ற கேள்வியும் பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

இந்தக் கருவிகளின் பல விநோதங்களுக்கு மூலம் டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு நிற்கும், தூக்கிச் செல்லக் கடினமான, இசைக்குழுவின் இரைச்சலில் அமுங்கிப்போகும் அந்த மரக் கருவிக்கு மாற்றுத் தேடியவர்கள்தாம் மின் பேஸை உருவாக்கினார்கள். சியாட்டில் நகரில் பால் டட்மார்க் 1930களின் நடுவிலேயே ஆடியோவாக்ஸ் 736 என்ற பெயரில், கிட்டார்போல் குறுக்காகப் பிடித்து வாசிக்கும், ஃப்ரெட்டுகள் உள்ள, திட உடல் கொண்ட மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பரவவில்லை, மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 1951இல் வந்த ஃபெண்டர் பிரசிஷன் பேஸ்தான் பரவியது. கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம், 20 ஃப்ரெட்டுகள், ஒரே பிக்கப், சரிவே இல்லாத பலகை உடல்.

இரண்டு ஆண்டுகள் கழித்து கிப்சன் நிறுவனம் தந்த பதில் இன்று பார்க்கிறவர்களைத் திகைக்க வைக்கும். பின்னாளில் ஈபி-1 என்று அழைக்கப்பட்ட 1953ஆம் ஆண்டின் அந்தக் கருவிக்கு வயலின் வடிவம். முகப்பில் வயலினுக்கு உள்ளதுபோல் எஃப் வடிவ ஒலித்துளை இருக்கும். தொட்டுப் பார்த்தால் அது துளையே அல்ல, வண்ணத்தால் வரைந்தது. பிருடைகள் பக்கவாட்டில் நீட்டாமல், பாஞ்சோவில் இருப்பதுபோல் பின்புறமாக நீளும். உடலின் அடி விளிம்பில் ஒரு துளை. அதில் நீட்டிக் குறுக்கக்கூடிய உலோகத் தண்டு ஒன்றைத் திருகிச் செருகி, கருவியைத் தரையில் நிறுத்தி டபுள் பேஸ்போல நின்றுகொண்டே வாசிக்கலாம். தண்டு தொலைந்துபோன ஈபி-1கள் உண்டு. கம்பி நீளம் 30.5 அங்குலமே உள்ள ஒரு சிறு கருவியின் அடியில் துளை எதற்கு என்று தெரியாதவர் அதை யாரோ செய்த சேதம் என்று நினைத்து மரத்தூள் வைத்து அடைத்துவிடக்கூடும். அடைத்துவிட்டால் அந்தக் கருவி எந்தக் கலைஞரை நம்பிச் செய்யப்பட்டது என்ற செய்தியும் சேர்ந்து மூடப்படுகிறது.

ஆம்பெக் நிறுவனம் 1966இல் இதே பாதையில் இன்னும் துணிந்து சென்றது. அதன் ஏஈபி-1, ஏயுபி-1 பேஸ்களில் தலைப்பகுதி வயலினின் சுருள் வடிவில் முடியும். எஃப் துளைகள் முகப்பிலிருந்து முதுகுவரை முழுவதுமாக வெட்டப்பட்டவை. மறுபுறம் இருப்பது அவற்றின் வழியே தெரியும். கம்பிகளுக்குக் கீழே வழக்கமாக இருக்கும் பிக்கப் இருக்காது. அதைக் காணாமல் ‘யாரோ கழற்றிவிட்டார்கள்’ என்று முடிவு கட்டுவது எளிது. உண்மையில் பிரிட்ஜின் அடியில் ஒரு உலோகத் தகடும் அதன் கீழே எபாக்சிப் பசையில் புதைத்த சுருள்களும் உள்ளன. கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியே தகட்டுக்கு இறங்கி, அங்கே மின்சைகையாகிறது. கம்பி எஃகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் குடல் நரம்புக் கம்பியும் போடலாம். டபுள் பேஸ் கலைஞர்கள் விரும்பிய கம்பி அது.

ஏயுபி-1இல் ஃப்ரெட்டுகளும் கிடையாது. பெயர் பெற்ற நிறுவனம் ஒன்று வரிசை உற்பத்தியாகச் செய்த முதல் ஃப்ரெட் இல்லா பேஸ் அதுதான். ஃப்ரெட்டைப் பிடுங்கி எடுத்த கருவிக்கும் பிறப்பிலேயே ஃப்ரெட் இல்லாத கருவிக்கும் வேறுபாடு விரல்பலகையில் தெரியும். பிடுங்கியதில் ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் அறுத்த காடி இருக்கும். மரப்பசையோ மெல்லிய மரச்சீவலோ வைத்து நிரப்பினாலும் குறுக்குக்கோடாக அது காட்டிக்கொடுத்துவிடும்.

டபுள் பேஸின் நிழல் மிக நுட்பமாக விழுந்திருப்பது ஒலியடக்கிகளில். குடல் நரம்பு பூட்டிய டபுள் பேஸில் ஒரு சுரம் ‘தும்’ என்று எழுந்து உடனே அடங்கும். எஃகுக் கம்பி பூட்டிய மின் பேஸிலோ சுரம் நீண்டு ஒலிக்கும். அன்றைய இசைக்குழுக்களுக்கு அது தொந்தரவு. எனவே ஃபெண்டர் பிரசிஷன் பேஸின் பிரிட்ஜை மூடும் உலோக மூடியின் உட்புறம் ஸ்பாஞ்சு ஒட்டப்பட்டது. மூடியைப் பொருத்தினால் அது கம்பிகளை அழுத்தும். 1960இல் வந்த ஜாஸ் பேஸின் தொடக்ககாலக் கருவிகளில் இன்னும் கவனமான ஏற்பாடு இருந்தது. பிரிட்ஜுக்கும் பின் பிக்கப்புக்கும் இடையில் கம்பிக்கு ஒன்றாக நான்கு வளைந்த உலோகப் பட்டைகள், அவற்றின் நுனியில் கம்பளித் துண்டுகள். ஓரிரு ஆண்டுகளில் இவை கைவிடப்பட்டன. ரிக்கன்பேக்கர் நிறுவனமோ விரலால் திருகி ஏற்றி இறக்கும் ஒலியடக்கியை பிரிட்ஜிலேயே அமைத்தது.

இந்த உறுப்புகள் ஏன் மறைந்தன? ரசனை மாறியதால். லண்டனில் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் 1966இல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து, மேற்பரப்பு சொரசொரப்பான, பியானோபோல் கணீரென்று நீண்டு ஒலிக்கும் கம்பிகளை உருவாக்கினார். நீண்ட ஒலியைத் தேடி வாங்குகிறவருக்கு அதை அடக்கும் சாதனம் எதற்கு? மூடிகளைக் கழற்றிப் போட்டார்கள், ஸ்பாஞ்சு பொடிந்து உதிர்ந்தது, கம்பளித் துண்டுகள் தொலைந்தன. மறுபக்கம் டெட்ராயிட்டில் மோட்டவுன் பதிவுகளின் முதுகெலும்பாக இருந்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962ஆம் ஆண்டு பிரசிஷன் பேஸில் ஸ்பாஞ்சைக் கடைசிவரை எடுக்கவே இல்லை. வழவழப்பான பழைய கம்பிகளையும் மாற்றவில்லை. டபுள் பேஸ் வாசித்து வளர்ந்த விரல்கள் அவருடையவை. அந்தப் பாட்டுகளில் நாம் கேட்கும் உருண்டு திரண்ட, குறுகிய ஒலிக்குக் காரணம் பாதி அவர் கை, பாதி அந்த ஸ்பாஞ்சு. அதனால்தான் பழைய பிரிட்ஜ் மூடிக்குள் கருகி ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சுத் துணுக்கைச் சுரண்டி எறிவதை நான் சேதம் என்பேன்.

தொழிற்சாலை விட்டுச்சென்ற குறிகளைப் படிப்பதற்கு வேறு பொறுமை வேண்டும். பெரும்பாலான தவறான தீர்ப்புகள் இங்கேதான் பிறக்கின்றன.

பலரும் முதலில் நம்புவது வரிசை எண்ணை. ஃபெண்டர் கருவிகளில் கழுத்தை உடலோடு பிணைக்கும் தகட்டில் அந்த எண் பொறித்திருக்கும். தகடுகளை ஒரு பெட்டியில் கொட்டி வைத்து, கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தியதால், எண்களின் வரிசை செய்த நாளின் வரிசையோடு ஒத்துப்போகாது. கழுத்தைக் கழற்றினால் அதன் அடிமுனையில் தேதி இருக்கும். முதலில் பென்சிலால் எழுதினார்கள், 1962 முதல் மை முத்திரை. அந்த முத்திரையிலும் ஒரு பொறி உண்டு. மாதத்துக்கு முன்னால் உள்ள எண்ணை நாள் என்று படித்துவிடுகிறார்கள். அது கருவியின் மாதிரியைக் குறிக்கும் எண். ஆண்டுக்குப் பின்னால் வரும் எழுத்து, கழுத்தின் மேல்முனை அகலத்துக்கானது: ஏ என்றால் 1½ அங்குலம், சி என்றால் 1¾ அங்குலம். ஜாஸ் பேஸுக்கு ஏ, பிரசிஷன் பேஸுக்கு சி என்பது வழக்கம். ஆனால் 1960களின் பிற்பகுதியில் பிரசிஷன் பேஸுக்கும் ஏ அகலக் கழுத்தைக் கேட்டு வாங்க முடிந்தது. ஒல்லியான கழுத்துடன் ஒரு பிரசிஷன் பேஸ் கிடைத்தால், இரண்டு கருவிகளைக் கலந்து செய்த ஒட்டு என்று தள்ளிவிடுவதற்கு முன் அந்த முத்திரையைப் பார்க்க வேண்டும்.

ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர்களின் முதுகிலும் எண் உண்டு. முதல் மூன்று இலக்கம் செய்த நிறுவனம்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து ஆண்டு, அதற்கடுத்து வாரம். 1376617 என்றிருந்தால் சிடிஎஸ் நிறுவனம் 1966இன் 17ஆவது வாரத்தில் செய்தது. இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது, சாலிடர் பழையதாகவும் யாரும் தொடாததாகவும் இருந்தால், கிட்டார் அந்த வாரத்துக்கு முன் பிறந்ததில்லை என்பது மட்டும்தான். ஃபெண்டர் 1966இல் சிடிஎஸ் உறுப்புகளைப் பெருமளவில் வாங்கிக் குவித்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. 1968இல் செய்த கழுத்தோடு 1966இன் பொட்டென்ஷியோமீட்டர் சேர்ந்திருப்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இடைமாற்றக் காலத்துக் கருவிகள் இன்னும் சுவையானவை. ஜாஸ் பேஸின் விரல்பலகையில் முதலில் வட்டப் புள்ளிகளே இருந்தன, ஓரப்பட்டை கிடையாது. பின்னாளில் ஓரப்பட்டையும் செவ்வகப் பதிப்புகளும் வந்தன. இவ்விரண்டையும் மட்டுமே அறிந்தவர் ஓரப்பட்டையும் வட்டப் புள்ளியும் ஒன்றாக இருக்கும் கழுத்தைக் கண்டால் போலி என்பார். 1965 இறுதி முதல் 1966 வரை, குறுகிய காலத்துக்கு, தொழிற்சாலையே அப்படிச் செய்தது. அதேபோல் 1960 முதல் 1962 தொடக்கம்வரை ஜாஸ் பேஸில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய இரட்டைக் குமிழ்கள் இரண்டு இருந்தன. ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி ஒலியளவு, தனி டோன். பிறகு மூன்று தனிக் குமிழ்களாயின. அடுக்குக் குமிழ் விலையைக் கூட்டும் உறுப்பு. ஆனால் 1982 முதல் ஃபெண்டரே பழைய மாதிரியைத் திரும்பச் செய்தபோது அதையும் சேர்த்தே செய்ததால், அந்தக் குமிழ்களை மட்டும் வைத்து ஒரு கருவியின் வயதைச் சொல்லக்கூடாது.

1965இல் வந்த ஃபெண்டர் பேஸ் ஃபைவில் ஐந்து கம்பிகள், 15 ஃப்ரெட்டுகள். இன்று ஐந்தாம் கம்பி என்றால் ஈ-க்கும் கீழான தாழ்ந்த பி சுரம். இதிலோ ஐந்தாவது, ஜி-க்கு மேலான சி. உயர்ந்த சுரங்களை அந்தக் கம்பி தந்துவிடுவதால் கழுத்தின் மேல் ஃப்ரெட்டுகள் தேவையில்லை என்று கணக்கிட்டார்கள். அறிவுபூர்வமான கணக்குத்தான், வாங்கத்தான் ஆள் இல்லை.

வண்ணத்தையும் மரத்தையும் பற்றிச் சிறிது. ஃபெண்டர் தன் சிறப்பு வண்ணங்களை டூபான்ட் நிறுவனத்தின் கார் பெயின்ட்டுகளிலிருந்து எடுத்தது. லேக் பிளாசிட் நீலம் காடிலாக் கார்களிலும், ஃபியெஸ்டா சிவப்பு ஃபோர்டு தண்டர்பேர்டிலும் இருந்தவை. மேலே பூசிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் காலப்போக்கில் மஞ்சளாகும். நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சை. பச்சைநிற பேஸ் ஒன்றை அரிய வண்ணம் என்று நம்பும் முன் பிக்கார்டைக் கழற்றி, வெளிச்சம் படாத இடத்தில் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். புற ஊதா விளக்கின் கீழே பழைய லாக்கர் ஒருவிதமாக ஒளிரும்; பின்னர் பூசிய திட்டு வேறுவிதமாகத் தெரியும். 1964 வரையான உடல்களில், பூச்சின் ஈரம் காயும்வரை பலகையைத் தாங்கி நிறுத்த அடித்த சிறு ஆணிகளின் துளைகளும் இருக்கும். துளைக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால் உடலுக்குப் பின்னாளில் மறுபூச்சு நடந்திருக்கலாம்.

1959 முதல் ஃபெண்டர் விரல்பலகைக்கு ரோஸ்வுட் மரம் வந்தது. 1962இன் நடுப்பகுதிவரை அது தட்டையான அடியுள்ள தடித்த பலகை. பின் அடி வளைந்த மெல்லிய ஏடு. கழுத்தின் அடிமுனையைப் பார்த்தால் இரு மரங்களும் சேரும் கோடு நேரா வில்லா என்பது தெரிந்துவிடும். தொடக்கத்தில் அது பிரேசில் ரோஸ்வுட்; 1960களின் பிற்பகுதியில் இந்திய ரோஸ்வுட் அந்த இடத்துக்கு வந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தோதகத்தி, ஈட்டி என்று நாம் சொல்லும் அதே இன மரம்தான். பிரேசில் மரம் 1992 முதல் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. இந்திய மரம் உள்ளிட்ட அந்தப் பேரினம் முழுவதும் 2017இல் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தாலும், அது பிரேசில் ரோஸ்வுட்டுக்குப் பொருந்தாது. எனவே விரல்பலகை எந்த மரம் என்பது பழைய கிட்டாரை எல்லை தாண்டி எடுத்துச் செல்பவருக்குச் சட்டப் பிரச்சினையும்கூட.

இனி வாசித்தவர்களின் கை. சந்தை மிக மோசமாக மதிப்பிடுவது இதைத்தான். மறுவண்ணம் பூசிய கருவியின் விலை பெரிதும் சரிகிறது. கூடுதலாக ஒரு துளை இருந்தாலே பேரம் தொடங்கிவிடும். ரிக்கன்பேக்கர் 4001இன் பின் பிக்கப்பில் அடிநாதத்தை வடிகட்டும் 0.0047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருந்தது. ஒலி மெலிகிறது என்று பலர் அதை வெட்டி எறிந்தார்கள். இன்று அது இல்லாத கருவி ‘முழுமையற்றது’. அதை வெட்டியவருக்கு மேடையில் அடிநாதம் தேவைப்பட்டது என்ற உண்மைக்கு விலைப்பட்டியலில் இடமில்லை.

மாற்றங்களே ஒரு கருவிக்கு அடையாளமாகும் என்பதற்கு அண்மைக் காலத்தின் மிகப் பெரிய சான்று பால் மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் 500/1. 1961இல் ஹம்பர்க் நகரில் அவர் வாங்கிய இடக்கை பேஸ் அது. அந்த ஆண்டு மாதிரியில் இரண்டு பிக்கப்புகளும் கழுத்தின் அருகே நெருங்கி இருக்கும். 1963இல் அவருக்குக் கிடைத்த இரண்டாவது ஹோஃப்னரில் அவை விலகி நிற்கும். ஒளிப்படங்களில் இரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய வழி. முதல் கருவி 1964இல் பழுதுபார்க்கப்பட்டது. முழுவதுமாக மறுபூச்சு நடந்தது. இரு பிக்கப்புகளும் ஒரே மரச் சட்டத்துக்குள் பொருத்தப்பட்டன. ஹோஃப்னர் தொழிற்சாலை அப்படிச் செய்ததில்லை. 1972 அக்டோபரில் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் ஒரு வேனிலிருந்து கருவி திருடு போனது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, தேடுதல் முயற்சி ஒன்றின் பயனாக, தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து அது வெளியே வந்தது. ஹோஃப்னர் நிறுவனம் சோதித்து உறுதிப்படுத்த, உரியவரிடம் திரும்பிய செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. 1964இன் அந்தப் பழுதுவேலைதான் அதை உலகிலுள்ள வேறு எந்த 1961ஆம் ஆண்டு ஹோஃப்னரிலிருந்தும் பிரித்துக் காட்டியது. சந்தைக் கணக்கில் குறை என்று எழுதப்படும் பூச்சும் சட்டமும் இங்கே சாட்சிகளாயின.

பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸும் அப்படித்தான். ஃப்ரெட்டுகளை எடுத்து, காடிகளை நிரப்பி, விரல்பலகையில் எபாக்சி பூசியிருந்தார். 1980களின் நடுவில் அது பல துண்டுகளாக உடைந்து, கைவினைஞர்களால் திரும்ப ஒட்டிச் சேர்க்கப்பட்டது. 1986இல் நியூயார்க்கின் பூங்கா ஒன்றில் தொலைந்து, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து அதே நகரில் தலைகாட்டியது. உடைந்து ஒட்டிய அந்தத் தழும்புகளைப் போலியாகச் செய்வது எவருக்கும் எளிதல்ல. ஜேமர்சனின் பேஸ் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடு போனது. கழுத்தின் அடிப்பகுதியில் ‘ஃபங்க்’ என்று அவர் செதுக்கியிருந்தார். யாராவது அதைத் தேய்த்து மெருகேற்றி ‘புதிதுபோல்’ ஆக்கியிருந்தால், கண்ணெதிரே இருந்தாலும் அதை அடையாளம் காண்பது பெரும்பாடாகிவிடும்.

பழைய பேஸ் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முதலில் எதையும் துடைக்காதீர்கள். வெளியே தெரியும் ஒவ்வொரு துளையையும் கீறலையும் ஒளிப்படம் எடுங்கள். பிறகு பிக்கார்டை மெதுவாகக் கழற்றி உள்ளே உள்ள சாலிடரையும் எண்களையும் தொடாமல் படமெடுங்கள். கழுத்தைக் கழற்ற வேண்டுமானால் பழக்கமுள்ள கைவினைஞரிடம் கொடுங்கள். காரணம் புரியாத உறுப்பு எதையும் அகற்றாதீர்கள். அகற்றியே ஆக வேண்டுமானால், திருகாணி உட்பட அனைத்தையும் ஓர் உறையில் இட்டு, தேதி எழுதி, கருவியின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.